பாதிக்கு மேல் இருந்தால்

ஜூலைக் கடைசியில் வந்தன முதல் பெட்டிகள்.
மைன்ஸ் நகரில், மத்திய வங்கியின்
பழுதான நோட்டுகளைச் சோதிக்கும் அறை.
பதினோரு வருடமாக எனக்கு அங்கே வேலை.
நாய் கடித்தது, அடுப்பில் கருகியது,
எலி கூடு கட்டியது என்று
தினம் நாலைந்து உறை வரும்.
இது உறையில்லை. லாரி.

திராட்சைப் பள்ளத்தாக்கின் நிலவறைகளிலிருந்து
வாரிக்கொண்டு வந்த பணம்.
சேறு, டீசல், சாக்கடை,
எல்லாவற்றுக்கும் அடியில் லேசாக ஒயின்.
மூன்று நாள் விட்டால்
கட்டு சிமெண்டாக இறுகிவிடும்.
ஹெட்விக் தன் தங்கை வீட்டிலிருந்து
துணி உலர்த்தும் எந்திரத்தைத் தூக்கி வந்தாள்.
உள்ளே சுழன்றன ஐம்பது யூரோக்கள்,
குழந்தைச் சட்டைகளைப் போல.

ஆகஸ்டில் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஐந்து பேர்.
பருவநிலை உறுதிமொழி எழுதும் குழுவாம்.
யாரும் மூக்கைப் பொத்தவில்லை,
அதைச் சொல்லியாக வேண்டும்.
"நம் வேலை விலைவாசி, வானிலை அல்ல"
என்றே முடி நரைத்தவர் டாக்டர் ஃபோஸ்.
"பக்கத்து நாட்டு வங்கிகள் கையெழுத்திட்டாயிற்று,
நாம் மட்டும் நிற்கிறோம்" என்றாள் ரிக்கார்டா.
ஒருவர் ஓரமாகக் கணக்குப் போட்டார்:
வீடு ஆற்றோடு போனபின்
வீட்டுக்கடன் எதன்மேல் நிற்கும்?
வெள்ளிதோறும் வாசலில் அட்டை பிடிக்கும் பிள்ளைகளை
யாரோ முணுமுணுத்தார், பெருமூச்சோடு.
தலைக்கு மேல் போன வெள்ளத்தைச்
சாணா முழமா என்று அளப்பவர்கள்.
அளக்காமல் அவர்களால் பயப்பட முடியாது.

நான் விதியைச் சொன்னேன்.
நோட்டில் பாதிக்கு மேல் மிஞ்சினால் முழுத்தொகை.
குறைந்தால், மீதி அழிந்ததற்கு
ஆதாரம் வேண்டும்.
ஃபோஸ் ஒரு கிழிசலை வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
"பள்ளத்தாக்குக்கு?" என்றார்.
யாரைக் கேட்டாரோ.
ஹெட்விக் எந்திரத்தை நிறுத்தி
வலையில் சேர்ந்த பஞ்சை வழித்தாள்.
சாம்பல் நிறம். ஒரு கைப்பிடி.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

நவம்பரில் வெளியானது உறுதிமொழி, பதினான்கு பக்கம்.
'இடர்' என்ற சொல் இருபத்தாறு முறை.
எண்ணினேன், எண்ணுவதுதானே என் பிழைப்பு.
'சேறு' ஒருமுறைகூட இல்லை.
அச்சமா, கணக்கா, அக்கம்பக்கத்தாரா,
எது அவர்கள் கையைப் பிடித்து எழுதவைத்ததோ.

அன்று என் மேசையில் ஒரு விண்ணப்பம்.
இருபது யூரோ, நாற்பத்தெட்டு சதவீதம்.
மீதி எப்படி அழிந்தது என்ற கட்டத்தில்
நடுங்கிய கையெழுத்தில் ஒரே சொல்:
ஆறு.
ஆதாரம் போதுமென்று
முத்திரை குத்தினேன்.