கீழ் நிலையத்துக்கு

எலியோதோரோ,
ஏழு நாற்பது விஞ்சில் வந்து சேர்ந்தது உன் கதை,
வழக்கம்போல இடது இருக்கைக்கு அடியில்,
டிக்கெட் கட்டின் ரப்பர் வளையம் சுற்றி.
வால்பரைசோ முழுக்க இன்று மூடுபனி.
உன் கூண்டு எனக்குத் தெரியவில்லை.
கம்பிவடம் மட்டும்
வெண்மைக்குள் போய்க்கொண்டே இருக்கிறது.

முதல் பக்கத்திலேயே மூன்று தடவை கடல்.
அதுவும் எல்லையற்ற கடல்.
உன் ஜன்னலில் கடல் ஏது?
மீன் லாரிகளின் பின்பக்கம்தானே தெரியும்.
லாரியை எழுது.
கதவிடுக்கில் சொட்டும் ஐஸ் தண்ணீரை எழுது,
அதை நக்க வரும் ஒற்றைக்காது நாயை எழுது.
கடல் தானாக வந்துவிடும்,
அதற்கு யாரும் பத்திரிகை வைக்க வேண்டாம்.

சிரிக்காதே, நானும் செய்த கூத்துதான்.
போன குளிர்காலம் முழுக்க
நான் போயிராத பாரிஸில்
ஒரு விதவையை நடக்கவிட்டேன்.
நாற்பது பக்கம் நடந்தாள்.
காலையில் என்ன சாப்பிட்டாள் என்று
எனக்கே தெரியாது.
பசியிலேயே செத்துப்போனாள், பாவம்.

ஓரத்தில் கிறுக்கியிருக்கிறாய்: நேரமில்லை.
பெட்டி மேலேற ஒரு நிமிடம் பத்து நொடி.
நாளுக்கு நூற்றுப் பன்னிரண்டு நடை.
பாதியைச் சில்லறைக்கும் தேநீருக்கும்
சும்மா வெறித்துப் பார்ப்பதற்கும் கொடுத்துவிடு
(வெறித்துப் பார்ப்பதைக் குறைக்காதே).
மிச்சத்தில் நடைக்கு ஒரு வரி.
எல்லாம் தேறாது.
எனக்குப் போன வாரம் தேறியது நான்கு.
திங்கட்கிழமை மறுபடி பார்த்தேன்,
இரண்டு.

நம் வண்டியின் சூத்திரம் உனக்குத் தெரியாததா?
ஒரு பெட்டி இறங்கும் கனத்தில்தான்
மற்றது ஏறுகிறது,
மோட்டார் சும்மா ஒத்தாசைக்கு.
மட்டமான பக்கங்கள் இறங்கட்டும்.

இனி, சொல்லாமல் வைத்திருந்த ஒன்று.
செவ்வாய்க்கிழமை உன் தாள்கள்
இருக்கையடியிலிருந்து நழுவிவிட்டன.
வெங்காய மூட்டையோடு வரும் இஸ்மேனியா
எடுத்துப் படித்திருக்கிறாள்.
மேலே வந்தும் இறங்கவில்லை.
அப்படியே கீழே போனாள், வந்தாள்,
மறுபடி போனாள், வந்தாள்.
மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தாயே,
ஏன் என்று கேட்கத் தோன்றவில்லையா?
அவள் கையில் என்ன தாள் என்று பார்க்கவில்லையா?
எழுதுகிறவன், ஐயா, நீ.
சில்லறையை மட்டும் பார்த்தால் எப்படி?

கடைசியில் என் ஜன்னலைத் தட்டினாள்.
"அண்ணனும் தம்பியும் ஏன் பேசுவதில்லை?
பாதியில் நிற்கிறதே" என்றாள்.
பிறகு வெங்காயம் மணக்கும் விரலை
ஒரு சொல்லின்மேல் வைத்தாள்.
'சோகமாக'.
"இதை எடுத்துவிட்டால் எனக்கு அழுகை வரும்."

நாலு தடவை படித்திருக்கிறேன்,
என் கண்ணில் படாத சொல்.
அடிக்கவில்லை, வட்டம் போட்டிருக்கிறேன்.
நீயே அடி.
அடிக்கும்போது கை கொஞ்சம் வலிக்கும்,
வலித்தால் சரியான சொல்தான்.

இன்னொன்று: வாய்விட்டுப் படி.
நான் சக்கர அறையில் நின்று படிக்கிறேன்,
பல்லுருளைகளின் கடகடப்பை மீறி.
மூச்சு முட்டுகிற இடத்தில்
வாக்கியத்துக்கும் முட்டுகிறது.

ஆனால் இன்றைக்கு முடித்துவிடாதே.
அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டத்
தம்பி கை ஓங்குகிறான் அல்லவா,
அங்கேயே நிறுத்திவிட்டுக் கூண்டைப் பூட்டு.
ராத்திரி முழுக்க
அந்தக் கை அந்தரத்தில் நிற்கட்டும்.
காலையில் நீ வராமல் இருக்க முடியாது.

இதோடு என் இரண்டு வரியும் வருகிறது,
அதே இருக்கை, அதே ரப்பர் வளையம்.
இரக்கம் பார்க்காதே.

மணி அடிக்கிறாய்.
பெட்டி நிரம்பிவிட்டது போல.
இழுக்கிறேன்.