ஒரு கட்டை கீழே

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடைபோடும் கடையின் மாடி.
இரண்டாம் சனிக்கிழமைதோறும்
நாங்கள் நான்கு பேர், ஒரு டேப்,
புகைபோட்ட ஷீட்டின் வாடை.

கேட்டு முடித்ததும் பேசக்கூடாது,
கடைக்கார ஜெபசிங் வைத்த சட்டம்.
பேச்செல்லாம் ஒரு நீள நோட்டில்.
திருவட்டாறு பஸ்ஸில் என் மடியில்,
நெய்யூர் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்,
குளச்சலில் வள்ளத்து ஒயர்லெஸ்கள் குவிந்த மேஜையில்
மாதம் முழுக்கச் சுற்றிவரும் அது.

அதில் ஒரு சஹானாவுக்கு மட்டும் பதினேழு பக்கம்.
யார், எந்த ஊர், எந்த வருடம், தெரியாது.
பெட்டிமேல் பென்சிலில் ‘கல்யாண வீடு’ என்றிருந்தது.
நடுவில் ஒரு குழந்தை அழும்.
எங்கோ பாத்திரம் விழும்.
பாடுகிறவர் நிறுத்தமாட்டார்.

“வயது இருபத்தெட்டைத் தாண்டாது” என்று எழுதினேன்.
“ரிஷபத்தில் கால்வைத்ததும் வழுக்குகிறான்.
வழுக்கியதையே ஆட்டமாக்கிவிடுகிறான், கள்ளன்.”
அதன்கீழே பச்சை மையில் ஸ்டெல்லா பாய்:
“வழுக்கவில்லை. பாறையில் பாசி இருப்பது
தெரிந்தே வைத்த கால்.”
ஜெபசிங், வழக்கம்போல் ஒரே வரி:
“இவன் இன்னும் தோற்றதில்லை.”
மீரான் ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விட்டு
அடியில் கையெழுத்து மட்டும் போட்டிருந்தான்.

ஆனிச் சாரல் அடித்த ஒரு சனிக்கிழமை
கையில் சின்ன மீட்டரோடு வந்தான்.
“தம்புராவுக்கு அடியில ஒரு முனகல் கேக்கா?
மைக்செட்டுக் கரண்டு அது.
அம்பதுல நிக்கணும் வோய்.
இது அம்பத்தாறுல நிக்கு.
பதிஞ்ச மெஷினு மெதுவா ஓடியிருக்கு,
அதான் நமக்கு வேகமா ஓடுது.”

ஸ்க்ரூ டிரைவரின் கால் சுற்று.
இரண்டரைக் கட்டை ஒன்றரைக்கு இறங்கியது.
அந்தப் பையன் எழுந்து போய்விட்டான்.
அவன் இருந்த ஜமுக்காளத்தில்
அறுபது வயதுக்காரர் ஒருவர்
மூச்சு வாங்கிக்கொண்டு.

குழந்தை அழுதது, சற்றே வளர்ந்த குழந்தை.
விழுந்தது அண்டாவாக இருக்கவேண்டும்.
ரிஷபத்தில் அவர் வழுக்கவுமில்லை, ஆடவுமில்லை.
அங்கே போய்ச்சேர நேரமானது,
அவ்வளவுதான்.

முப்பத்து மூன்று நிமிடம் முப்பத்தேழு ஆயிற்று.

சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினார்:
“எடைக்கல்லு கள்ளம்னு இன்னைக்குத் தெரிஞ்சா
இதுவரை எடுத்த ஷீட்டுக்கெல்லாம்
திருப்பிக் கணக்குப் பாக்கணுமா?”
யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா நோட்டை இழுத்துத்
தன் பச்சை வரியைப் படித்தாள். அடிக்கவில்லை.
இன்றைய தேதியிட்டு
அதே வரியை இன்னொருமுறை எழுதினாள்.

பதினேழில் பதினொரு பக்கம் என்னுடையது.
அத்தனையும் பிறக்காத ஒருவனைப் பற்றி.

மழை விடாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது கேட்டேன்,
உனக்கு முன்னமே தெரியுமா என்று.
“மூணு வருசமாத் தெரியும்.”
பின்ன எதுக்கு இப்போ சொன்னே?
குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினான்.
“பெரிய மனுசன இப்பிடி விரட்டிக்கிட்டே இருக்கோமே,
பாவமில்லியா வோய்.”

மாடியில் இப்போது ஒன்றரைக் கட்டைதான்.
நானும் தலையாட்டுகிறேன், பொய்யில்லை,
சில இடங்களில் தொண்டை அடைக்கிறது.

வீட்டில், எல்லோரும் தூங்கியபிறகு,
திருத்தாத என் மெஷினில்
ஐம்பத்தாறில் முனகுகிறது கரண்டு.
ரிஷபம் வருகிறது.
வழுக்குடே மக்கா என்கிறேன்.

இதை நோட்டில் எழுதவில்லை.
மீரானின் பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.
அவரை நான் இன்னும் விரட்டுகிறேன்.