எடைமேடை

எங்கள் தெருவில் வெள்ளைச் சட்டை
பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான்.
அதுவும் திங்கட்கிழமை வெள்ளை,
புதனுக்கு மேல் சாம்பல்,
வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டரே கேட்பதில்லை.

தண்டையார்பேட்டை தாண்டி
எண்ணூர் வருவதற்குள் எங்கள் இடம்.
கடல் ஒரு பக்கம், தண்டவாளம் ஒரு பக்கம், நடுவில் கரி.
மாநகராட்சிப் பலகையில் வேறு பெயர் இருந்தது.
கண்டக்டர் "கரிக்கிடங்கு எறங்கு" என்பார்.
கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டோம்.

கரி எங்கள் மண்ணில் கிடைத்ததில்லை.
கப்பலில் வந்தது, இறங்கியது,
எடை போட்டுக்கொண்டு வேகனில் ஏறிப் போய்விட்டது.
தூள் தங்கியது.
கொசுவலையில், மோர்ச் சட்டியில்,
பள்ளிவாசல் ஹவுளுத் தண்ணீரில் மெல்லிய ஏடாக,
கஜபதி காலையில் வாய் கொப்பளித்துத் துப்பும் இடத்தில்.

ஞாயிறு மதியம் கால்பந்து.
ஏ ஷிப்டுக்கு மஞ்சள், பி ஷிப்டுக்கு நீலம்.
இடைவேளைக்குள் இரண்டும் ஒரே நிறம்.
பேரைச் சொல்லிக் கத்தினால்தான் பந்து வரும்.
ஊரில் எல்லார் பேரும் எல்லாருக்கும் தெரிந்தது அப்படித்தான்.

கேட்டுக்கு உள்ளே வேகன் எடைமேடை.
தகட்டில் செய்தவன் பேர், அடியில் ஸ்காட்லாந்து,
அதற்கும் அடியில் ஊர்.
ஊரைத் துரு தின்றுவிட்டது, முதல் எழுத்து கே மட்டும் பாக்கி.
எடை குமாஸ்தா எபநேசர்
போய்வந்தவர் மாதிரிச் சொல்வார்:
"அங்கயும் கரி நோண்ற ஊருதான்.
அவன் கீழேர்ந்து எடுக்கறான்,
நாம மேலேர்ந்து எறக்கறோம்."

எண்பத்து மூன்று ஆடியில் மேடு சரிந்தது.
கோதண்டம். மஸ்தான். ரெஜினாள் புருஷன் சவரி.
மதியச் சங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.
அதனால் மூவருக்கும் அரை நாள் கூலி
என்று எழுதினார்கள்.

மறுநாள் காலை பெண்கள் போய்
எடைமேடைமேல் உட்கார்ந்தார்கள்.
கோஷம் கிடையாது. பூண்டு உரித்தார்கள்.
நாற்பத்தோரு பெண்கள், ஆறு கைக்குழந்தை,
யாரோ கட்டிப்போட மறந்த ஆடு ஒன்று.
முள் நகர்ந்து நின்றது.
எபநேசர் பழக்கதோஷத்தில் பேரேட்டைத் திறந்து
எடை: இரண்டு டன் நூற்றிருபது கிலோ,
சரக்கு: பெண்கள்,
அனுப்புமிடம் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டார்.

நாலு நாள் ஒரு வேகன் நகரவில்லை.
ஐந்தாம் நாள் முழு நாள் கூலி தந்தார்கள்.
நஷ்டஈடு வேறு விஷயம், அது கோர்ட்டில் கிடந்தது.
கூடக் கிடைத்தது தலைக்கு ஏழேகால் ரூபாய்.
ரெஜினாள் எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டு
நேரே காசிமேட்டுக்குப் போய்
சங்கரா வாங்கிவந்தாள்.

ஆறு கைக்குழந்தைகளில் ஒன்று நான்.
அந்தக் கணக்கில் என் பங்கு
நாலு கிலோ இருக்கும், நாலரை இருக்கும்.
அப்பாவுக்கு அன்று ராத்திரி ஷிப்ட்.
அதனால் இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருமினார்.

இப்போது கிடங்கில் கன்டெய்னர் லாரி நிற்கிறது.
எடைமேடையைப் பெயர்த்து
மணலி ரோட்டில் இன்னொரு எடைமேடையில் ஏற்றினார்கள்.
பதினொன்றரை டன், பழைய இரும்பு.
ரசீது என் கண்ணெதிரே அச்சாகி வந்தது.

ரெஜினாளின் கடைசி மகள் ஃபிளாரன்ஸ்
ஸ்காட்லாந்தில் முதியோர் இல்லத்தில் நர்ஸ்.
போன வாரம் வாய்ஸ் மெசேஜ்:
"மூணாம் ரூம் தாத்தா சுரங்கத்துல இருந்தவராம்.
நடுராத்திரி இருமறாரு,
நான் தூக்கத்துல எழுந்து
ஒங்கப்பா பேரச் சொல்லிக் கூப்டேன்டீ.
அவரும் 'ம்' னாரு."
அது எந்த ஊர் என்று கேட்டேன்.
அனுப்பினாள். கே-யில் தொடங்கவில்லை.

காலையில் மாடிக்கொடியில் வெள்ளைப் போர்வை போட்டேன்.
சாயங்காலம் விரலால் தடவிப் பார்த்தேன்.
கறுப்புதான்.
யாருடையது என்று மட்டும்
இப்போது சொல்ல முடியவில்லை.