சீனன்குடாவில் ஒரு மாப்பிள்ளை

கோதுமையோடு வந்த கப்பல்
பதினெட்டு நாளாய்ச் சீனன்குடாவில் கிடக்கிறது.
இறக்க இன்னும் முறை வரவில்லை.
அவ்வளவு கோதுமைக்கு மேல் நின்றுகொண்டு
ஒருவன் என்னைக் கேட்கிறான்:
ஒரு பிடி அரிசிமா கிடைக்குமா?

ஏஜென்சி லோஞ்ச் ஓட்டுகிறவன் நான்.
சிம் கார்ட் கேட்பார்கள், பல்வலிக் குளிசை கேட்பார்கள்.
மா கேட்டவன் இவன்தான்.
ஹம்சிராஜி. பசிலான் தீவு. யாக்கான்.

யாக்கான்கள் கடல் சனமில்லையாம்.
மேட்டுநிலத்தில்
ஆண்கள் கூர்க்கம்பால் குழி குத்திப் போவார்களாம்,
பெண்கள் பின்னால் நெல் போட்டு வருவார்களாம்.
எட்டு வருசமாய்க் கப்பலில் இருக்கிறவன்
இதைச் சொல்லும்போது
கால் பெருவிரலால் இரும்புத் தட்டை அழுத்தினான்,
ஈரம் போதுமா என்று பார்ப்பதுபோல.

வீட்டில் இருந்தது வறுத்த சிவப்பு மா.
"புட்டு அவிக்கலாம். கலியாணத்துக்கு வெள்ளைதானே வேணும்"
என்று மங்களேஸ்வரி பச்சரிசி ஊறப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி. அவர்களுக்குப் பதினொன்றரை.
கப்பலில் சிக்னல் இல்லை,
கரையேற அவனுக்கு அனுமதியில்லை.
ஆகவே நடுக்கடலில், கிண்ணியா டவர் கொஞ்சம் எட்டும் இடத்தில்
எஞ்சினை நிறுத்தினேன்.

அவன் தலையில் கட்டிய துணி நுர்ஹாய்டா நெய்தது.
மலைப்பாம்புத் தோல்போல் கட்டம் கட்டமாய், ஒரு நூல் பிசகாமல்.
என் புள்ளிகள் அப்படியில்லை.
ஈர்க்கால் தொட்டுத் தொட்டு
நெற்றியில் வைத்தேன், கன்னத்தில் வைத்தேன்,
அலை வந்து ஒன்றை மூக்கில் வைத்தது.
வாசலில் ஒருநாளும் கோலம் போடாத கை.

போனில் வெண்கலக் குமிழ்கள் அதிர்ந்தன.
அவள் முகத்திலும் அதே வெள்ளைப் புள்ளிகள்.
சிரிக்கக் கூடாதாம் மணப்பெண்.
என் வேலையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

பிறகு அவர்களுடைய லெப்பை ஏதோ கேட்டார்.
படம் அப்படியே நின்றது, அவள் ஒரு கண் மூடியபடி.
இவன் எழுந்து நின்று,
ஏற்றுக்கொண்டேன் என்று
அரபியில் மூன்றுதரம் கத்தினான்.
லோஞ்ச் ஆடியது.

அங்கே கேட்டதோ தெரியாது.
வலை இழுத்துக்கொண்டிருந்த கிண்ணியாக்காரர் இருவருக்குக் கேட்டது.
விசயம் சொன்னேன்.
"சாட்சிக்கு ரெண்டு பேர் போதும் தம்பி,
நாங்க இருக்கம்" என்றார் சஹாப்தீன்.
துஆ ஓதினார்கள்.
சீதனமாய் ஒரு பாரைமீனை எறிந்தார்கள்,
அது அவன் காலடியில் துடித்தது.

அரைமணி கழித்து சிக்னல் வந்தது.
நுர்ஹாய்டா கேட்ட முதல் கேள்வி,
எனக்கு அவன் பெயர்த்துச் சொன்னது:
யார் உனக்குப் புள்ளி வைத்தது?