ஓடிக்கொண்டிருப்பவை

திங்கள் காலை எட்டு.
தரமணியில் எங்கள் மாடிக்கு இன்னும் ஏசி போடவில்லை.
பட்ஜெட் எச்சரிக்கை மூன்று வந்து கிடக்கிறது.
ஐம்பது சதவீதம், வெள்ளி.
எண்பது, சனி.
நூறு, நேற்று மாலை,
வேளச்சேரி ரேஷன் கடைக்காரரோடு நான்
பாமாயிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது.

மேகம் என்கிறார்கள் இதை.
மூன்று வருஷமாகப் பார்க்கிறேன்,
ஒரு நாளும் அண்ணாந்ததில்லை.
எனக்கு அது எக்செல் தாள்:
யார், எந்தத் திட்டம், எத்தனை மணி, எவ்வளவு.

வரிசை முப்பத்தொன்று.
பெயர் 'சோதனை-2'.
உரிமையாளர் காலி. முடியும் தேதி காலி.
பெயர் வைப்பதில் பிள்ளைகளுக்கு நிகரில்லை:
'கடைசி', 'கடைசி-கடைசி',
'இதை-யாரும்-தொடாதே'.
டேக் ஒட்டுங்கள் என்று ஒன்பது சுற்றறிக்கை விட்டாயிற்று.

வியாழன் இரவு பத்திலிருந்து
மணிக்கு இருநூற்றறுபது ரூபாய்,
எண்பத்திரண்டு மணி நேரம்.
மனக்கணக்கு வராது எனக்கு, தட்டிப் பார்த்தேன்.
இருபத்தோராயிரத்து முந்நூற்று இருபது.
என் மாதச் சம்பளத்துக்கு அறுநூற்றெண்பது குறைச்சல்.

நானும் இந்தத் தாளில்தான் இருக்கிறேன்,
வரிசை பதினேழில், 'மனிதவளம், ஒப்பந்தம்'.
என் கட்டங்கள் காலியில்லை.
உரிமையாளர் ஆராவமுதன் சார்.
முடியும் தேதி ஜூன் முப்பது.

பதிவேட்டைக் கிளறினால் ருமைசா.
எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளம்
எந்தத் தெருவில் முதலில் ஏறும் என்று
கணக்குப் போடுகிற பெண்.
பழவேற்காட்டில் அலைமானி நடப் போயிருக்கிறாள்.
தொடர்பு எல்லைக்கு வெளியே,
மூன்று மொழியில் சொன்னார்கள்.

உள்ளே நுழைந்து பார்த்தேன்.
உழைப்பு: இரண்டு சதவீதம்.
கறுப்புத் திரையில் ஒற்றை வரி:
'பழைய கோப்பு ஏற்கெனவே உள்ளது.
அதன் மேல் எழுதட்டுமா? ஆம் / இல்லை'
அப்புறம் விட்டுவிட்டு மின்னும் ஒரு கோடு.

நாலு நாளாக
ஒரு எழுத்துக்காக உட்கார்ந்திருக்கிறது.
போன வருஷம் என் புதுப்பிப்புக் கோப்போடு
ஃபிலோமினா மேடம் அறை வாசலில்
நானும் உட்கார்ந்தேன், பத்தொன்பது நாள்.
மணிக்கு எவ்வளவு என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

நிறுத்து பொத்தானில் விரலை வைத்த நேரம்
சார் கூப்பிட்டார்.
"எவ்வளவு மீதி?"
இந்த மாதம் தாண்டிடுச்சு சார்.
"மாசத்தை விடும்மா. மொத்தத்துல?"
நாலு லட்சத்துப் பத்தாயிரம்.
"ஐயையோ. இன்னிக்குத் தேதி என்ன, இருபத்துநாலா?
முப்பத்தொண்ணுக்குள்ள செலவாகலேன்னா
டெல்லிக்குத் திரும்பிடும். அடுத்த வருஷம் வெட்டிடுவான்.
எதையாவது ஓடவிடு."

பதினொரு மாதம்
அணையுங்கள் அணையுங்கள் என்று
மெயில் போட்ட கை இது.
அதில் கொஞ்சத்தை ஜூலைக்கு,
வரிசை பதினேழுக்கு, என்று இழுத்தேன்.
"அது வேற ஹெட்," என்றார் வருத்தமாகத்தான்.
ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப்
பணத்துக்கு நடை வராது.

மறுபடி அந்தக் கோடு.
பழைய கோப்பில் என்ன இருக்கிறது, எனக்கென்ன தெரியும்.
ஒரு வருஷ உழைப்போ, வெறும் குப்பையோ.
'இல்லை' என்று அடித்தேன்.
புதுப் பெயர் கேட்டது.
'ருமைசா-மார்ச்' என்று கொடுத்தேன்.

இரண்டிலிருந்து தொண்ணூற்றேழுக்குத் தாவியது.
மும்பையில் எங்கோ விசிறிகள் அலறியிருக்கும்.
இங்கே ஒரு சத்தமுமில்லை,
கீழே பறக்கும் ரயில் நிலையத்தில் யாரோ
பூட்டை ஆட்டிப் பார்ப்பது தவிர.

இரவு ஏழரைக்கு அவள் அழைத்தாள், காற்றுச் சத்தத்தோடு.
"அக்கா, நிறுத்திட்டீங்களா?"
இல்லம்மா, ஓடுது. பழசையும் காப்பாத்தி வெச்சிருக்கேன்.
"ஐயோ, அது தப்பான ஃபைல்க்கா.
கடல் மட்டத்தைத் தலைகீழாக் குடுத்துட்டேன்.
அழிச்சிருக்கலாம்."

சேமிப்புக் கட்டணம் நாளைக்கு நாலு ரூபாய்.
உரிமையாளர் கட்டத்தில் என் பெயரை அடித்தேன்.
முடியும் தேதியைக்
கேட்டது. தாவிப் போனேன்.