ஐந்து மதிப்பெண் கேள்வி

டர்பன் தாவரவியல் பூங்காவில்
கம்பிவேலிக்குள் நிற்கிறது அந்த சைக்கட்.
ஆண்.
மஞ்சள் கூம்பு விட்டு
மகரந்தத்தைச் சும்மா காற்றுக்குக் கொடுக்கிறது.
பெண்மரம் எந்தக் காட்டிலும் அகப்படவில்லை.

அடியில் வெடித்த பக்கக்கன்றைப் பெயர்த்து
வேறெங்கு ஊன்றினாலும்
அதுவும் ஆண், அதே ஆண்.
ஒருவனே நிற்கிறான்
ஊர் ஊராய், வேறு வேறு வெயிலில்.

ஆட்டுக்கு இத்தனை சுலபமில்லை:
கருமுட்டையின் உட்கருவை உறிஞ்சியெடுத்து
மடிச்செல்லின் உட்கருவை உள்ளே வைத்து
சுமக்க ஒரு வயிறும் தேடவேண்டும்.

எழுதி முடித்து நிமிர்ந்தேன்.
என் கருமுட்டையிலிருந்தே பிரிந்தவள்,
பதினோரு நிமிடம் இளையவள்,
குமேஷ்னி,
வெற்றுத்தாளின் மேல் முழங்கை ஊன்றி
ஜன்னலுக்கு வெளியே
குரங்கு யாருடைய ரொட்டியைத் தின்கிறதென்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னுடையது.