பழைய எண், புதிய எண்

கல்மண்டபத்தில் வண்டியை விட்டு
மாடி ஏறும்போதே ஜெபராணி சொல்லிவிட்டார்:
"ஒயரைப் பிடுங்கினா நெட்டு வருது, பிரிண்டர் போயிடுது.
செருகினா பிரிண்டர் வருது, நெட்டு செத்துடுது.
எண்ணூர் ரோட்டுல என் டிரெய்லர் மூணு
காலையிலேர்ந்து நிக்குது தம்பி."

லேப்டாப்பின் இடது விலாவில் நீல ஒயர்.
மூலையில் வைஃபை, கோடு குறையாமல்.
ஒன்று செத்திருந்தால் என் வேலை சுலபம்.

எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன்.
அணைத்துப் போட்டேன்.
ஒயரின் தலையை நறுக்கி
எட்டு நரம்பையும் நிறம் மாறாமல் அடுக்கி
புதுத்தலை வைத்தேன்.
டீ வந்தது, ஆறியது.

ஒயர் எங்கே போகிறது என்று தொடர்ந்தேன்.
பிளைவுட் தடுப்புக்கு அந்தப்பக்கம்.
கொழுந்தனார் ஆபீஸ்.
கம்பெனி பிரிந்து இரண்டு வருஷம்,
பேச்சில்லை,
பிரிண்டர் மட்டும் பொது.
நெட்டை அவர் இவருக்கு அடைத்துவிட்டார்.

கறுப்புத் திரையில் முகவரி கேட்டேன்.
ஒயர் சொன்னது: 192.168.1.
வைஃபையும் அதையே சொன்னது.
இரண்டு ரவுட்டருக்கும் வாசல் எண் ஒன்று.

சிரிப்பு வந்தது.
எங்கள் தெருவில் பழைய எண் பதினொன்று
தேசப்பன் வீடு. புதிய எண் பதினொன்று நாங்கள்.
என்னைப் பார்க்க வந்த பெண்வீட்டார்
அங்கே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டு
மாப்பிள்ளை நல்ல நிறம் என்று போனார்கள்.
தெரு சரி, எண் சரி,
அவர்களைச் சொல்லி என்ன.

வைஃபை ரவுட்டருக்குள் போய்
ஒன்றை அழித்து ஏழு போட்டேன்.
ஒயருக்கு முகவரி கையால் எழுதி
கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டேன்.
உள்ளே போவது ஒயரில் போகட்டும்,
கடல் தாண்டுவது காற்றில்.

சுங்கத்துறைப் பக்கம் திறந்தது.
ஜெபராணி பிரிண்ட் கொடுத்தார்.
தடுப்புக்கு அப்பால் மெஷின் இருமியது,
ஒரு தாள், இன்னொரு தாள்.
பிறகு தடுப்பின் மேல் ஒரு கை.
கடிகாரம், மோதிரம், காகிதம்.
முகம் இல்லை.
வாங்கிக்கொண்டார்.

"எவ்ளோ?"
"முந்நூறு."
நூற்றைம்பதை எண்ணி வைத்துவிட்டு
தடுப்பைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:
"மீதி பாதி அங்க வாங்கிக்க.
ஒயர் அவங்களுது."